ஈயம் போன அண்டா

களாக்குடிப்பட்டியில் சந்தியாகப்பர் சப்பரம் பத்தொன்பது வருஷம் ஜெபமாலையம்மாள் வீட்டு வாசலில் நின்றது. இருபதாம் வருஷம் நிற்காது என்று அவளுக்குத் தெரியவந்தது ஒரு கண்ணாடிக் குவளையால்.

ஆவூரிலிருந்து நடை தூரத்தில், செம்மண்ணும் களாப்புதரும் நிறைந்த மேட்டில் இருந்த ஊர் அது. வேதக்காரர்கள் என்று சொல்லப்படும் கிறிஸ்தவர்கள் நாற்பது வீடு. ஆடி மாதம் சந்தியாகப்பர் திருவிழா. சப்பரம் தூக்குகிற பதினாறு பேரும் அன்று காலையிலிருந்து ஒருசந்தி இருப்பார்கள். கஞ்சி கிடையாது, வெற்றிலை கிடையாது. பொழுது சாயும்போது சப்பரத்தைத் தோளில் ஏற்றிக் கோயிலை விட்டுக் கிளம்பி, முதல் தெருவில் ஒரு வீட்டு வாசலில் இறக்குவார்கள். அந்த வீட்டுக்காரி கொடுக்கிற களாப்பழச் சர்பத்தைக் குடித்து ஒருசந்தியை முடித்துக்கொண்டு, பிறகு ஊரைச் சுற்றுவார்கள். சர்பத் போடுகிறவள் யாரோ அவள் வாசலில் சந்தியாகப்பர் நிற்பார். அதற்கு ஏலமும் கிடையாது, வம்ச உரிமையும் கிடையாது. சர்பத் நன்றாக இருந்தால் போதும்.

ஜெபமாலையம்மாளுக்கு அந்த ஊரில் வேறு பெருமை எதுவும் இல்லை. அவள் அப்பன் சுண்ணாம்புக் காளவாயில் கூலிக்காரன். முகம் முழுக்க அம்மைத் தழும்பு. பதினாறு வயதில் இருதயநாதனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, இந்த முகத்துக்கு என் மகன் மலிவா என்று மாமியார் வாசலிலேயே கேட்டாள். மூன்று பிள்ளை பெற்றாள். தங்கியது ஒன்று, அதுவும் பெண். அவளையும் இலுப்பூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாயிற்று. ரொம்ப வருஷம் ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை; இருதயநாதன் பெண்டாட்டி, அவ்வளவுதான். ஒரு வருஷம், சர்பத் போட்டுக்கொண்டிருந்த கிழவியைக் காலரா கொண்டுபோயிற்று. திருவிழாவுக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. “நான் போடுறேன்” என்று கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. திரும்பிப் பார்த்தவர்கள் அன்றைக்குத்தான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார்கள்.

அவள் முறை பழைய முறை. நன்றாகக் கறுத்த பழமாகப் பொறுக்கி, காம்பில் வடிகிற பால் போக உப்புத் தண்ணீரில் போட்டு வைப்பாள். அம்மியில் நசுக்கி, கருப்பட்டியோடு சேர்த்துப் புது மண்பானையில் கொதிக்கவிட்டு, பழைய வேட்டியில் கட்டி இரண்டு கையாலும் முறுக்கிப் பிழிவாள். கசாயம் போலக் கறுப்பாக இருக்கும். கொஞ்சம் புகை வாசம் அடிக்கும். நாள் முழுக்க ஒருசந்தி இருந்தவனுக்கு அது போதும். திருவிழாவன்று சப்பரம் வாசலில் இறங்குகிற அந்தக் கால்மணி நேரம், மாமியார் உட்பட எல்லோரும் ஒதுங்கி அவளுக்கு வழி விடுவார்கள். வருஷத்தில் அந்தக் கால்மணி நேரத்துக்காகத்தான் அவள் மீதி நாட்களைத் தள்ளினாள் என்று சொன்னால் தப்பில்லை.

வியாகுலமேரி வந்தது உலகச் சண்டைக் காலத்தில். இருதயநாதனின் தம்பி மரிய அந்தோணி கட்டிக்கொண்டு வந்த பெண். தாய் தகப்பன் இல்லாமல் திருச்சிராப்பள்ளியில் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். நான்கு வருஷம் மடத்துச் சமையலறையிலும் ஒரு வருஷம் நோயாளிகளைப் பார்க்கிற அறையிலும் வேலை செய்திருந்தாள். இருபது வயது. தழும்பில்லாத முகம். அண்ணன் வீட்டுக்கும் தம்பி வீட்டுக்கும் நடுவில் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான்.

அந்த வருஷம் வைகாசிக் கடைசியில் முதல் களாப்பழம் பழுத்தபோது, பங்கீட்டு அட்டைக்கு அளந்து கொடுத்த சீனியில் மிச்சம் பிடித்து வியாகுலமேரி ஒரு போத்தல் பாகு காய்ச்சினாள். இரண்டு நாள் கழித்து, சப்பரம் தூக்குகிறவர்கள் பெயரைச் சரிபார்க்க ஊருக்குச் செபம் நடத்துகிற உபதேசியார் குழந்தைசாமி அவள் வீட்டுக்கு வந்தார். பாகில் தண்ணீர் கலந்து கண்ணாடிக் குவளையில் கொடுத்தாள். அடுப்புக்கு நெருப்பு வாங்கப் போன ஜெபமாலையம்மாளும் அங்கே நின்றாள்.

உபதேசியார் குவளையை வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கோயில் சன்னல் கண்ணாடி போல ஒரு சிவப்பு அவர் வெள்ளை ஜிப்பாவில் விழுந்தது.

“இது களாப்பழமாம்மா?”

“ஆமாங்கய்யா. நம்ம மேட்டுல பறிச்சதுதான்.”

“அந்தப் பக்கம் என் வெரலு தெரியுது பாருங்க. பத்தொம்பது வருஷமா நான் குடிச்ச சர்பத்துல, குவளைக்கு அடின்னு ஒண்ணு இருக்குதுன்னே தெரிஞ்சதில்ல.”

எல்லோரும் சிரித்தார்கள். ஜெபமாலையம்மாளும் சிரித்தாள். வீட்டுக்குத் திரும்பி வந்த பிறகுதான், கையிலிருந்த கொட்டாங்கச்சியில் நெருப்பு எடுக்காமலே வந்துவிட்டது தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் உபதேசியார் சொல்லிவிட்டார்: இந்த வருஷம் சர்பத் மரிய அந்தோணி வீட்டில், சப்பரமும் அங்கேதான் நிற்கும்.

கிணற்றடியில் ராசாத்தி காத்துக்கொண்டிருந்தாள். அவள் வேதக்காரி இல்லை, பக்கத்துத் தெருக்காரி. யார் வீட்டு விசேஷமாக இருந்தாலும் அவளுக்கு ஒரு பங்கு உண்டு.

“என்ன ஜெபமால, இந்த வருஷம் ஒனக்கு ஓய்வாமே?”

“ஆமா. பிழிஞ்சு பிழிஞ்சு கையெல்லாம் கருத்துப்போச்சு. சின்னவ பிழியட்டும்.”

“அவ பிழியவே மாட்டாளாமே. துணியில கட்டித் தொங்கவிட்டுட்டு, அவபாட்டுக்குப் போயி படுத்துக்குவாளாம். தானாச் சொட்டுதாம். பிழிஞ்சாக் கலங்கிரும்னு மடத்துல சொல்லிக்குடுத்தாகளாம்.”

“படுத்துக் கெடக்குறவளுக்குத் தானாச் சொட்டும். நமக்குப் பிழிஞ்சாத்தான் வரும்.”

“அதுவுஞ் சரிதான்” என்றாள் ராசாத்தி. “இருந்தாலும் அந்தச் செவப்பு இருக்கே.”

அந்தச் சிவப்பு ஜெபமாலையம்மாளைத் தூங்கவிடவில்லை. நான்கு நாள் பொறுத்துப் பார்த்தாள். ஐந்தாம் நாள் இருதயநாதன் கமலை இறைக்கப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு, தன் பங்குச் சீனி அத்தனையையும் எடுத்தாள். பழத்தைத் தனியாக வேகவைத்தாள். வெள்ளைத் துணியில் கட்டிக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். சொட்டியது. ஆனால் ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் ஒரு பரலோக மந்திரம் சொல்லி முடிக்கலாம் போலிருந்தது. அவள் அரிசி புடைத்தாள்; வந்து பார்த்தாள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டினாள், வந்து பார்த்தாள். மூன்றாம் தடவை வந்தபோது கை அவளைக் கேட்கவில்லை. ஒரே ஒரு முறுக்குத்தான் முறுக்கினாள். கீழே இருந்த சிவப்பெல்லாம் சேறாயிற்று.

அதைக் கொல்லையில் முருங்கை மரத்தடியில் கொட்டினாள். மறுநாள் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வியாகுலமேரி எட்டிப் பார்த்தாள்.

“அக்கா, முருங்க மூட்டுல எறும்பு மொய்க்குதே. என்ன கொட்டுனீங்க?”

“கஞ்சி.”

“கஞ்சிக்கா இம்புட்டு எறும்பு?”

“இந்த ஊரு எறும்பு அப்படித்தான்” என்று உள்ளே போய்விட்டாள். சின்னவள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலாம் என்று ஜெபமாலையம்மாளுக்குத் தோன்றியது.

திருவிழாவுக்கு இரண்டு நாள் முன்பு வியாகுலமேரி முன்வாசல் வழியாக வந்தாள். எதையாவது கேட்டு வாங்க வருகிறவர்கள் முன்வாசல் வழியாகத்தான் வருவார்கள்.

“அக்கா, அந்தப் பெரிய அண்டாவக் குடுங்க. எங்கிட்ட இருக்கிறது சின்னச் சட்டி. பழம் பத்துப் படி சேந்திருச்சு. ஊருல நாலு வீட்டுச் சீனியும் வந்திருச்சு.”

அந்தப் பித்தளை அண்டா மாமியார் காலத்தது. இரண்டு குடும்பத்துக்கும் பொது, இருப்பது பெரியவள் வீட்டில். கல்யாணம், கருமாதி என்றால் அதில்தான் பாயசம். ஜெபமாலையம்மாள் அதைப் பரணிலிருந்து இறக்கினாள். முந்தானையால் உள்ளே துடைத்தாள். துடைத்த இடத்தில் மஞ்சள் பளிச்சென்று தெரிந்தது. அடியிலும் பாதி விலாவிலும் ஈயமே இல்லை.

ஈயம் பூசுகிற மலையாண்டி வருஷம் தவறாமல் மாசி மாதம் துருத்தியைத் தூக்கிக்கொண்டு வருகிறவன். இரண்டு மாசியாக அவன் பாத்திரம் எதையும் தொடவில்லை. போன தடவை வெறுங்கையோடு வந்து, “ஈயம் வர்ற சீமையச் சப்பான்காரன் புடிச்சுக்கிட்டான் ஆத்தா. நவச்சாரத்தை வச்சு நான் என்னத்தப் பூச?” என்று சொல்லிவிட்டுப் போனான். அதிலிருந்து புளிப்பு எதையும் அவள் பித்தளையில் வைத்ததில்லை. ஈயம் போன பித்தளையில் புளிப்புப் பட்டால் களிம்பு ஏறும். களிம்பு விஷம். சிறுமியாக இருந்தபோது ஆவூரில் ஒரு சாவு வீட்டில், முதல் நாள் வைத்த புளிக்குழம்பை மறுநாள் சாப்பிட்டுப் பன்னிரண்டு பேர் வாந்தியெடுத்ததையும், அதில் ஒரு பெரியவர் எழுந்திருக்காமலே போனதையும் அவள் கண்ணால் கண்டிருக்கிறாள். களாப்பழம் புளியைவிடப் புளிப்பு.

மடத்தில் வளர்ந்தவளுக்கு இது தெரிய வழியில்லை. அங்கே எல்லாம் பீங்கான் பூசின சட்டிகள். வெள்ளைக்காரக் கன்னியர்கள் கொண்டுவந்தவை.

“மண்பானையில காச்சலாம்ல?” என்றாள் ஜெபமாலையம்மாள். அடுத்த வாக்கியமும் நாக்கில் இருந்தது.

“மண்பான வேணாங்க்கா. மண்ணு வாசன, பொக வாசன எல்லாம் ஏறிரும். செவப்பும் செத்துரும். மடத்துல சர்பத்துக்கு மண்பானையக் கிட்டவே விடமாட்டாக.”

வியாகுலமேரி அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அது போய்ப் பட்ட இடம் பத்தொன்பது வருஷம். நாக்கில் இருந்த வாக்கியம் திரும்பி உள்ளே போயிற்று.

“எடுத்துக்க” என்றாள். “கனமா இருக்கும். ஒரு பக்கம் நானும் புடிக்கிறேன்.”

இரண்டு பேருமாகத்தான் அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அடுப்பில் ஏற்றி வைத்ததும் பெரியவளே.

மறுநாள் பகலெல்லாம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாசம் வந்தது. புகையில்லாத, தெளிந்த பழ வாசம். தெருப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். “நெறத்தப் பாத்தியா, மாதுளமுத்தாட்டம்” என்ற பேச்சு தெளிவாகக் கேட்டது. ஜெபமாலையம்மாள் உரலில் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். கணக்குப் போட்டுக்கொண்டே குத்தினாள். கொதிக்கிற நேரம் மட்டும் இருந்தால் கொஞ்சம்தான் ஏறும். காய்ச்சியதும் போத்தலில் மாற்றிவிட்டால் ஒன்றும் ஆகாது. ஆனாலும் ஆகும். ஆனால் என்ன, இரண்டு வாந்தி, ஒரு நாள் வயிற்றுப்போக்கு. யாரும் செத்துப்போக மாட்டார்கள். சப்பரம் நடுத்தெருவில் நிற்கும். மடத்துச் சர்பத்தின் யோக்கியதையை ஊர் பார்க்கும். அடுத்த வருஷம் மண்பானையைத் தேடி வருவார்கள்.

அந்த ஆவூர்ப் பெரியவர் நினைவு வந்தபோதெல்லாம் உலக்கையை இன்னும் ஓங்கிப் போட்டாள்.

பொழுது இறங்குகிற சமயத்தில் சுவரோரம் போய்ப் பார்த்தாள். சொட்டவிட்ட சாற்றில் சீனி போட்டு, நுரை எடுத்து, பாகு இறக்கியாகிவிட்டது. ஆறுவதற்காக அண்டாவிலேயே மூடி வைத்திருந்தாள் சின்னவள். அவ்வளவுக்கும் போத்தல் கிடைக்கவில்லை. நாளை காலை வரை அதிலேயே இருக்கும்.

அன்று சாயங்காலம் ஆவூரிலிருந்து பங்குச் சாமியார் வந்து பாவசங்கீர்த்தனம் கேட்க உட்கார்ந்தார். சப்பரம் தூக்குகிறவர்களும் அவர்கள் வீட்டுப் பெண்களும் வரிசையில் முழங்காலில் இருந்தார்கள். சப்பரத்தின் முன்கொம்பு இருதயநாதனுக்கு. அவர் முடித்துவிட்டு வந்தார். ஜெபமாலையம்மாளுக்கு முன்னால் மூன்று பேர் இருந்தார்கள், பிறகு இரண்டு பேர். சாமியாரிடம் சொல்வது எளிது. அவர் வெளியே யாரிடமும் சொல்லமாட்டார், சொல்லவும் கூடாது. ஆனால் போய் அந்தப் பெண்ணிடம் சொல் என்று அவளைத்தான் அனுப்புவார். ஒரே ஒருத்தி மிச்சம் இருந்தபோது அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

“என்ன, திரும்பிட்ட?” என்றார் இருதயநாதன்.

“வயிறு சரியில்ல.”

இப்படிப்பட்ட பொய்கள் யாருக்கும் உதவுவதில்லை. அவளுக்கு மறுநாளே உபத்திரவமாயிற்று.

அவள் மறந்துபோன ஒரு வழக்கம் இருந்தது. திருவிழா அன்று காலைப் பூசை முடிந்ததும், சர்பத்தின் முதல் குவளையை அந்தக் குடும்பத்தின் மூத்த பெண் உபதேசியார் முன்னால் குடிக்க வேண்டும். ஊருக்கு நல்லதைத்தான் கொடுக்கிறோம் என்பதற்கு அதுதான் சாட்சி. மாமியார் இருந்தவரை மாமியார் குடித்தாள். அவள் போன பிறகு தான் போட்டதைத் தானே குடித்து வந்ததால், ஜெபமாலையம்மாளுக்கு அது ஒரு சடங்காகவே தெரியாமல் போயிற்று. இப்போது குடும்பத்தின் மூத்தவள் அவள்தான்.

பூசை முடிந்து அவள் தன் வீட்டு வாசலில் கால் வைத்தபோது எல்லோரும் அங்கே நின்றார்கள். உபதேசியார், ராசாத்தி, தெருப் பெண்கள் ஏழெட்டுப் பேர். வியாகுலமேரி புதுச் சேலையில், இரண்டு கையாலும் அந்தக் கண்ணாடிக் குவளையை ஏந்திக்கொண்டு நின்றாள்.

“மொத குவள ஒங்களுக்குத்தாங்க்கா. நீங்க குடிச்சு, நல்லாருக்குன்னு சொன்னாத்தான் எனக்குத் தைரியம்.”

குவளையைப் பார்த்தாள். ராத்திரியில் சிவப்பு கொஞ்சம் மங்கியிருந்தது. பார்க்கத் தெரிந்த கண்ணுக்குத் தெரியும். மற்றவர்கள் நிறம் நன்றாக இறங்கியிருக்கிறது என்று நினைத்திருப்பார்கள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். பொறாமை என்று ராசாத்தி முதலில் சொல்லுவாள். காரணம் சொன்னால், தெரிந்தே ஏன் கொடுத்தாய் என்பார்கள். இவ்வளவையும் ஒரு மூச்சு விடுகிற நேரத்துக்குள் நினைத்துவிட்டு, குவளையை வாங்கி ஒரே மடக்கில் குடித்தாள்.

நல்ல ருசி. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. புளிப்பும் இனிப்பும் சரியான அளவில் நின்றன. கடைசியில் மட்டும், செப்புக் காசை நாக்கில் வைத்தது போல ஒரு காறல்.

“எப்படிங்க்கா?”

“இனிப்புக் கூட” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

வெறும் வயிற்றில் போன களிம்பு காத்திருப்பதில்லை. அரைமணி நேரத்துக்குள் வாயில் எச்சில் ஊறியது. பிறகு வாந்தி. முதலில் சிவப்பாக, பிறகு பச்சை கலந்து. அடிவயிற்றை யாரோ வேட்டித் துணி போல முறுக்கிப் பிழிந்தார்கள். மூன்றாம் தடவை எடுக்கும்போது கொல்லைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. அப்போது அவள் கணக்கு மாறியது. அவள் குடித்தது ஒரு குவளை. தூக்குகிறவர்கள் ஆளுக்கு இரண்டு, மூன்று குடிப்பார்கள். அவர்களுக்கும் வெறும் வயிறு. சாயங்காலம் வரை அண்டாவில் இருந்தால் இன்னும் ஏறியிருக்கும். முன்கொம்பில் இருதயநாதன். ஐம்பது வயதை எட்டப் போகிற உடம்பு.

“அந்தச் சர்பத்தக் கொட்டச் சொல்லுங்க” என்றாள், பதறிக்கொண்டு வந்த புருஷனிடம். “ஒருத்தரும் குடிக்கக் கூடாது. கெட்டுப்போச்சு.”

சத்தம் கேட்டு மரிய அந்தோணியும் வியாகுலமேரியும் வந்தார்கள். உபதேசியாரும் பின்னாலேயே வந்தார்.

“கெட்டுப்போச்சா?” என்றாள் வியாகுலமேரி. அவள் குரல் முதல் தடவையாக உயர்ந்தது. “நேத்துக் காச்சுனது. நானும் விரல்ல தொட்டுப் பாத்தேன். என்னக்கா கெட்டுப்போச்சு?”

“மதினி, நல்ல நாளும் அதுவுமா இது வேணாம்” என்றான் மரிய அந்தோணி. “பிடிக்கலன்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாம்.”

“நான் சொல்றதக் கேளுப்பா. கொட்டு.”

இருதயநாதனுக்கு அவமானமாக இருந்தது. “அவளுக்கு நேத்தே வயிறு சரியில்ல” என்று உபதேசியாரிடம் சொன்னார். “பாவசங்கீர்த்தன வரிசையில இருந்தே எந்திருச்சு வந்துட்டா. சர்பத்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைங்க.”

“அதானே பாத்தேன்” என்றார் உபதேசியார். “ஆத்தா, பத்தொம்பது வருஷம் செஞ்சீங்க. ஊரு மறக்காது. சின்னப்பொண்ணு ஒரு வருஷம் செஞ்சுட்டுப் போகட்டும்.”

“எனக்குத் தெரியுங்க்கா” என்றாள் வியாகுலமேரி. கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனால் கீழே விடவில்லை. “முருங்க மூட்டுல நீங்க கொட்டுனது என்னன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்.”

நான்கு பேரும் திரும்பி நடந்தார்கள். அவர்கள் முதுகைப் பார்த்ததும் ஜெபமாலையம்மாளுக்கு ஒன்று விளங்கியது. தன்னைப் பொறாமைக்காரி என்று நினைக்கிறவர்கள், தன்னைப் பொறாமைக்காரி என்று காட்டுகிற ஒரு பேச்சைத்தான் நம்புவார்கள்.

“அண்டாவுல ஈயம் இல்ல” என்றாள்.

அவர்கள் நின்றார்கள்.

“ஈயம் போயி ரெண்டு வருஷமாச்சு. களிம்பு ஏறியிருக்கு. போயி மூடியத் தொறந்து விளிம்பப் பாருங்க, பச்சையா இருக்கும். குடுக்கிறப்பவே எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் குடுத்தேன். ஒரு பக்கம் புடிச்சு அடுப்புல ஏத்தி வச்சதும் நாந்தான்.”

கோயில் பக்கத்தில் கொட்டு அடித்துப் பார்க்கிற சத்தம் கேட்டது. பிறகு மரிய அந்தோணி தன் வீட்டுக்கு ஓடினான். மூடி கீழே விழுகிற சத்தம் வந்தது. திரும்பி வந்தவன் ஆள்காட்டி விரலை நீட்டிக் காண்பித்தான். நுனியில் பாசி போலப் பச்சை.

“பழத்துப் பாலு படிஞ்ச கறன்னு நெனச்சேன்” என்றாள் வியாகுலமேரி, யாரையும் பார்க்காமல்.

இருதயநாதன் பெண்டாட்டியை அடிக்கிறவர் இல்லை. அன்றைக்கு அவர் கை உயர்ந்தது. வியாகுலமேரி குறுக்கே வந்தாள், கருணையால் அல்ல. “தள்ளுங்க. இன்னும் வெசம் உள்ள இருக்கு” என்றாள். மடத்தில் நோயாளி அறையில் ஒரு வருஷம் நின்றவள். கோழிக்கூட்டிலிருந்து நான்கு முட்டை கொண்டுவந்து, வெள்ளைக்கருவை மட்டும் பாலில் அடித்து, பெரியவள் தலையைப் பிடித்துக் குடிக்க வைத்தாள். அது சரியான வைத்தியம். களிம்பைக் கட்டும். வாந்தியில் வந்ததும் இன்னொரு தடவை அடித்துக் கொடுத்தாள். வாயைத் துடைத்தாள், சேலையை மாற்றினாள், ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். அவ்வளவையும் செய்த கை கொஞ்சம் முரட்டுத்தனமாக இருந்தது.

வாசல்படியில் நின்று திரும்பி, “மூணு மாசச் சீனி” என்றாள். அதோடு போய்விட்டாள்.

சர்பத்தை ஊருக்கு வெளியே குழி வெட்டிக் கொட்டினார்கள், மாடு நக்காமல் மண்ணையும் தள்ளினார்கள். சாயங்காலம் கோயில் வாசலிலேயே தூக்குகிறவர்களுக்குப் பானகம் கொடுத்து ஒருசந்தியை முடித்தார்கள். ஜெபமாலையம்மாள் பாயில் படுத்தபடி கொட்டுச் சத்தத்தைக் கேட்டாள். சத்தம் தெருமுனைக்கு வந்தது, வாசலுக்கு வந்தது, நிற்காமல் போயிற்று. அடுத்த வீட்டு வாசலிலும் நிற்கவில்லை. முன்கொம்பு தூக்குகிறவர் மூச்சு வாங்குவது அவளுக்குக் கேட்டது போலிருந்தது. அந்த மூச்சு நிற்காமல் நடந்துகொண்டே போனதால் அவள் கண்ணை மூடினாள்.

இரண்டு மாதம் யாரும் அவளோடு பேசவில்லை. ராசாத்தி மட்டும் பேசினாள். அவளுக்குப் பேசாமல் இருக்க முடியாது. புரட்டாசியில் ஜெபமாலையம்மாள் ஆவூர் வரை நடந்து போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு வந்தாள். என்ன சொன்னாள், என்ன அபராதம் கிடைத்தது என்று யாருக்கும் தெரியாது.

அடுத்த வருஷமும் சர்பத் வியாகுலமேரி வீட்டில்தான். உபதேசியார் கேட்டபோது அவள் ஒரு நிபந்தனை போட்டாள்: பாத்திரத்தை அக்கா பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். ஆளனுப்பினார்கள். ஜெபமாலையம்மாள் சுவரைத் தாண்டி வந்து, வரிசையாக வைத்திருந்த சட்டி, குண்டான் எல்லாவற்றிலும் உள்ளே கையை விட்டுக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். இரண்டைத் தள்ளி வைத்தாள். பிறகு வீட்டுக்குப் போய், நான்கு புது மண்பானைகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தாள்.

“நாலு நாள் தண்ணி ஊத்திக் கஞ்சி காச்சிப் பழக்குனது. மண்ணு வாசன இருக்காது.”

வியாகுலமேரி ஒரு பானையை மோந்து பார்த்தாள். தலையை மட்டும் ஆட்டினாள். சிவப்பு சாகவில்லை.

அதற்குப் பிறகு பதினோரு வருஷம் ஜெபமாலையம்மாள் உயிரோடு இருந்தாள். பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அது அப்படிப் போகிற வியாதி இல்லை. சப்பரம் அடுத்த வாசலில் இறங்குகிற கால்மணி நேரமும் அவள் மாட்டுக்கொட்டகையில்தான் இருப்பாள். யாராவது சின்னவள் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவாள். ஆனால் ஊரில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும், கூப்பிடாமலே போய் அவர்கள் அண்டாவைக் கவிழ்த்துப் பார்த்து, நகத்தால் சுரண்டுவாள். சண்டை முடிந்து மலையாண்டி மறுபடி துருத்தியோடு வந்தபோது, வீடு வீடாகப் பாத்திரம் வாங்கி அவன் முன்னால் கொண்டுபோய்ப் போட்டதும் அவள்தான். நாற்பது வீட்டில் யார் வீட்டுப் பித்தளையில் எந்த இடத்தில் ஈயம் தேய்ந்திருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

முதல் குவளையும் ஒவ்வொரு வருஷமும் அவளுக்குத்தான் வந்தது. உபதேசியார் முன்னால் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து நிற்பாள் வியாகுலமேரி. பெரியவள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள், மோந்து பார்ப்பாள், ஒரே மடக்கில் குடிப்பாள். கடைசித் துளி வரை.

“எப்படிங்க்கா?”

“இனிப்புக் கூட” என்பாள்.

கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பதினோரு வருஷமும் சரியாகத்தான் இருந்தது. அது இரண்டு பேருக்கும் தெரியும்.